‘அண்ட் சன்ஸ்’

சென்ற கல்வியாண்டின் இறுதியில் எங்கள் கல்லூரி வணிகவியல் துறையினர் குடும்பத் தொழில்கள் குறித்து ஒருநாள் கருத்தரங்கம் நடத்தினார்கள். தமிழ்த்துறைக்காரனான எனக்கு அங்கே இருந்த வேலை, வரவேற்புப் பதாகையில் ஒற்றுப்பிழை பார்ப்பது மட்டுமே. அதைப் பார்த்துக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சிறப்புரை ஆற்ற வந்திருந்த தொழிலதிபர் நல்ல பேச்சாளர். மேற்கத்திய நிர்வாகவியல் நூல்கள் அறியாத ஒரு பலம் நமக்கு உண்டு என்றும், அது நம் கூட்டுக் குடும்பம் என்றும், முடிவுகளை நம்மவர்கள் மூளையால் மட்டுமல்லாது பாசத்தாலும் எடுக்கிறார்கள் என்றும் சொன்னார். அரங்கம் கைதட்டியது. பிறகு ஒரு மாணவி எழுந்து, “சார், உங்க கம்பெனியில உங்க மகளுக்கு என்ன பொறுப்பு?” என்று கேட்டாள். அவர் சிரித்தார். “எம் மக மகாலட்சுமிம்மா. அவ போன வீட்ல சந்தோஷமா இருக்கா” என்றார். அதற்கும் அரங்கம் கைதட்டியது.

முதல் கைதட்டலை நான் பொறுத்துக்கொள்வேன். இரண்டாவது கைதட்டலுக்கு ஒரு பதில் எழுதியாக வேண்டும் என்று தோன்றியது. இக்கட்டுரை அதற்காக.

*

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உறவு என்பது வணிகத்தில் வெறும் உணர்ச்சி அன்று. அது ஒரு முதல். வங்கி கொடுக்காத கடனைச் சித்தப்பா கொடுப்பார். ஒப்பந்தம் எழுதாத இடத்தில் சொல் நிற்கும். மூன்று ஆண்டு நட்டத்தைப் பங்குச்சந்தை பொறுக்காது, பெரியப்பா பொறுப்பார். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நகரத்தார் நடத்திய கொடுக்கல் வாங்கல் இந்த நம்பிக்கையின் மேல் எழுந்ததுதான். இதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் அந்த முன்னோர்களைப் ‘பாசத்தால் முடிவெடுத்தவர்கள்’ என்று வருணிப்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. அவர்கள் எதையும் எழுதிவைத்தவர்கள். கடல்கடந்த கடைக்குப் போகும் மேலாள் சொந்தக்காரனாகவே இருந்தாலும் மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளச் சீட்டு எழுதித்தான் கப்பலேறினான். திருமணம் பேசினால் முறைச்சிட்டை உண்டு, இசைகுடிமானம் உண்டு. மகனுக்கு மணமானதும் அதே வளவுக்குள்ளேயே வேறு வைத்துவிடுவார்கள். தனி அடுப்பு, ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்த நெல்லும் பணமும். ஒரே கூரையின் கீழ் எத்தனை அடுப்புகள் எரிந்தனவோ அத்தனை கணக்குகள் இருந்தன. பெண் கொண்டுவந்த சீதனப் பணம் தவணை வட்டிக்குப் போடப்பட்டு அவள் பெயரிலேயே பேரேட்டில் வளர்ந்தது. பாசம் இருந்திருக்கும், ஆனால் பாசத்தை ஐந்தொகையில் அவர்கள் சேர்க்கவில்லை. கூட்டுக் குடும்பம் என்று இன்று மேடைகளில் விற்கப்படும் பொருள், தொலைக்காட்சித் தொடர்கள் செய்துகொடுத்தது. செட்டிநாட்டு வீடுகளில் அது இருந்ததில்லை.

இவ்வளவு கறாரான கணக்கிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஆச்சியின் பணம் கடைக்குள் போனது, ஆச்சி போகவில்லை. பணத்துக்கு இருந்த நுழைவுச்சீட்டு பணத்துக்கு உரியவளுக்கு இல்லை.

இது நகரத்தார்க்கு மட்டும் உரிய குறை அன்று. எந்த ஊர்க் கடைவீதியிலும் நடந்து பாருங்கள். ‘இன்னார் அண்ட் சன்ஸ்’ என்று எத்தனை பெயர்ப்பலகைகள்! அண்ட் பிரதர்ஸ் உண்டு. அண்ட் கோ உண்டு. மகளைச் சேர்த்துக்கொண்ட பலகை ஒன்றை நான் பிறந்து வளர்ந்த ஊரிலும், படித்த ஊரிலும், பிழைக்க வந்த ஊரிலும் கண்டதில்லை. 1911-இல் மதுரையில் பேருந்து விட்டுத் தமிழகத்தின் மிகப்பெரிய தொழிற்குடும்பங்களுள் ஒன்றை உருவாக்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனப் பெயரே ‘டி.வி. சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ்’ என்பதுதான். அதன் கிளைகள் நான்கும் நான்கு புதல்வர்களின் பெயரால் அறியப்படுபவை. அதே வீட்டில் பிறந்த சௌந்தரம் என்ற மகள் இளமையிலேயே கணவனை இழந்து, பிறகு மருத்துவம் படித்து, 1940-இல் காந்தியின் ஆசியோடு ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-இல் இருவரும் தொடங்கிய காந்திகிராமம் இன்று ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. நிறுவனம் கட்டும் ஆற்றல் ‘சன்ஸ்’ என்ற சொல்லோடு மட்டும் இறங்கி வருவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

*

சொற்களைப் பற்றியே பிழைப்பு நடத்துகிறவன் நான். ஆகவே சொற்களிலிருந்து தொடங்குகிறேன்.

தமிழில் உறவுப்பெயர்கள் வெறும் அழைப்புச் சொற்கள் அல்ல. அவை உரிமைப் பத்திரங்கள். ‘பங்காளி’ என்ற சொல்லிலேயே பங்கு இருக்கிறது. தந்தைவழி ஆண்கள் பங்காளிகள். பிறப்பினாலேயே சொத்தைத் தொட்டவர்கள். ‘தாயாதி’ என்ற சொல்லில் தாய் இருப்பதுபோல் ஒரு மயக்கம் தோன்றும். அது உரிமைச்சொத்தைக் குறிக்கும் வடசொல் வழியாக வந்தது. அங்கே தாய் இல்லை. பெண் வழியாக வருகிறவர்கள் சம்பந்தி, மாப்பிள்ளை, மாமன், மச்சான். இவர்களுக்கு மரியாதை உண்டு, சீர் உண்டு, பந்தியில் முதல் இலை உண்டு, பங்கு இல்லை. சரி, மகள் இதில் எங்கே நிற்கிறாள்? மணமாகும்வரை அவள் வீட்டுச் செலவு. மணமானபின் விருந்தாளி. இரண்டுக்கும் இடையில் வணிகத்தில் அவள் நிற்பதற்கு ஓர் இடத்தை நம் உறவிலக்கணம் வகுக்கவே இல்லை.

இலக்கணம் இவ்வாறு இருக்கும்போது, குடும்பத் தொழிலில் எடுக்கப்படும் ‘வணிக முடிவு’ என்பது பெரும்பாலும் ஏற்கெனவே எடுக்கப்பட்ட உறவு முடிவின் மறுபெயராகவே இருக்கும். எந்த ஊரில் கிளை திறப்பது என்பது எந்தத் தம்பியை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதைப் பொறுத்தது. நட்டத்தில் ஓடும் பிரிவை மூடாதது ஏனென்றால் அது இளையவருக்குக் கொடுத்த பிரிவு. யாருக்குக் கடன் மறுக்கலாம், யாருக்கு மறுக்கக்கூடாது என்பதைக் கடன் வாங்குகிறவனின் கைநாணயமா தீர்மானிக்கிறது? அவன் எந்த வரிசையில் உட்கார்ந்து தாலிகட்டுப் பார்த்தான் என்பது தீர்மானிக்கிறது.

எங்கள் இலக்கியம் இதை நன்றாகவே அறிந்திருக்கிறது. ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலைப் போர்க்கதை என்றும் காதல் தோல்விக் கதை என்றும் வகுப்பில் நடத்துகிறோம். அது ஒரு வட்டிக்கடையின் வாரிசுச் சிக்கலைப் பற்றிய கதையும்கூட. பினாங்குக் கடை முதலாளி தம் மகள் மரகதத்தை செல்லையாவுக்குக் கொடுக்க மறுக்கிறார். நேதாஜியின் படையில் துப்பாக்கி பிடித்து வந்தவன் இனிப் பெட்டியடியில் பணிந்து உட்கார மாட்டான் என்பது அவர் கணக்கு. கணக்கு தவறா சரியா என்பதை நாவல் தீர்ப்பாகச் சொல்வதில்லை. ஆனால் அங்கே நடப்பது என்ன? மகளுக்கு மாப்பிள்ளை தேடுவது போன்ற தோற்றத்தில் கடைக்கு அடுத்த முதலாளி தேடப்படுகிறான். கடை எப்படியும் மகள் வழியாகத்தான் கைமாறப் போகிறது. அந்த மகளையே கடையில் உட்காரவைக்கலாமே என்ற எண்ணம் அந்த உலகில் ஒருவர் மனத்திலும் எழுவதில்லை. எழாததுதான் எனக்கு அந்த நாவலின் மிகப்பெரிய செய்தி.

இன்னும் பின்னோக்கிப் போனால் சிலம்பு. காப்பியத்தை நிர்வாகவியல் பாடநூலாக்கும் அற்பத்தனம் எனக்கு வேண்டாம். ஆனாலும் அது இரண்டு வணிகக் குடும்பங்களின் கதை என்பதை மறக்க முடியாது. மாசாத்துவான் பெருவணிகன், மாநாய்கன் கடல்வணிகன். முன்னோர் தேடிய பொருளைத் தொலைத்துவிட்டு நாணி நிற்கும் கோவலன் தந்தையிடமும் போகவில்லை, மாமனிடமும் போகவில்லை. மனைவியின் சிலம்பை முதலாகக் கொண்டு மதுரையில் இழந்ததை மீட்கலாம் என்று புறப்படுகிறான். முதல் அவளுடையது. எந்த ஊர், எப்போது புறப்படுவது, யாரிடம் விற்பது என்ற முடிவுகள் அவனுடையவை. கடல்வணிகன் மகளை மாதரி வீட்டில் இருத்திவிட்டு, ஊருக்குப் புதியவனாகக் கடைத்தெருவுக்குத் தனியே போய், எதிர்ப்பட்ட ஒரே பொற்கொல்லனை நம்புகிறான். ஊழ்வினை என்று இளங்கோ சொல்வதை மறுக்க நான் யார்? ஆயினும் அந்தச் சிலம்பின் பரல் எதுவென்று ஐயமின்றி அறிந்து, அதை அவை நடுவே மெய்ப்பித்துக் காட்டியவள் கண்ணகிதான் என்பதும் அதே காப்பியத்தில்தான் இருக்கிறது. தன் சரக்கு இன்னதென்று தெரிந்தவளிடம் கணக்குக் கேட்கப்பட்டது, எல்லாம் முடிந்த பிறகு.

*

இவை பழங்கதைகள் என்பீர்கள். 2020-க்கு வருகிறேன்.

1900-இல் பர்மாவின் மௌல்மேனில் லேவாதேவியாகத் தொடங்கி, சைக்கிள், உரம், சர்க்கரை, சாணைக்கல் என்று விரிந்தது முருகப்பா குழுமம். தமிழகத்தின் மதிப்புமிக்க தொழிற்குடும்பங்களுள் ஒன்று, அதில் ஐயமில்லை. அதன் முன்னாள் தலைவர்களுள் ஒருவரான எம்.வி. முருகப்பன் 2017 செப்டம்பரில் காலமானார். அவருக்கு இரண்டு மகள்கள், மகன் இல்லை. குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸில் அவர்கள் கிளைக்கு எட்டு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமான பங்கு இருந்தது. மூத்த மகள் வள்ளி அருணாச்சலம் அணுப்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஒன்று எங்கள் கிளைக்கு இயக்குநர் குழுவில் இடம் தாருங்கள். அல்லது எங்கள் பங்கை நியாய விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்பது அவர் வைத்த கோரிக்கை. 2020 செப்டம்பர் 21 அன்று நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், வாக்குகளில் 91 விழுக்காட்டுக்கு மேல் அவருக்கு எதிராக விழுந்தன.

அந்தத் தேதியை இன்னொரு தேதியோடு சேர்த்து வாசியுங்கள். 2020 ஆகஸ்ட் 11 அன்றுதான் உச்சநீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு உள்ள உரிமை மகனைப் போலவே பிறப்பால் வருவது என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் மகளைப் பங்காளி என்று சொல்லி முழுதாக ஆறு வாரம் ஆவதற்குள் சென்னையில் ஒரு கூட்டம், பங்காளியாக இரு, இயக்குநராக இராதே என்று பதில் சொன்னது போலிருந்தது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நானே சொல்லிவிடுகிறேன். எட்டு விழுக்காடு பங்கு வைத்திருப்பவர் இயக்குநர் ஆகியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாக்களித்தவர்கள் சட்டத்தை மீறவில்லை. மேலும் 2023 ஆகஸ்டில் இருதரப்பும் சமரசமாகப் போய்விட்டன. அதை நான் கிளறுவது முறையா என்றும் கேட்கலாம். முறைதான் என்பேன், ஏனெனில் என் கேள்வி அந்தக் குடும்பத்தைப் பற்றியதன்று. அதே கிளையில் ஒரு மகன் பிறந்திருந்தால், அவன் அணுப்பொறியியல் படித்திருந்தாலும் ஆங்கில இலக்கியம் படித்திருந்தாலும், ‘உனக்கு என்ன தகுதி’ என்ற கேள்வி பொதுக்கூட்டம்வரை போயிருக்குமா? நம் ஊர் எந்தத் தொழிற்குடும்பத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்லிப் பாருங்கள். மகனின் தகுதி பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது. மகளின் தகுதி மட்டும் வாக்கெடுப்புக்கு விடப்படுகிறது.

‘அப்போலோவில் நான்கு மகள்கள் இல்லையா? டாஃபேயில் மல்லிகா சீனிவாசன் இல்லையா?’ என்று உடனே சொல்வார்கள். இருக்கிறார்கள், திறம்பட நடத்துகிறார்கள். ஆனால் பிரதாப் ரெட்டிக்கு நான்கும் பெண்கள், சிவசைலத்துக்கும் பெண்மக்களே. மகன் இல்லாத வீட்டில் மகளுக்குத் திறந்த கதவை, மகளுக்காகத் திறந்த கதவு என்று கொண்டாடுவது அவசரம். மகனும் மகளும் இருக்கும் வீட்டில் மகளிடம் ஒரு நிறுவனம் ஒப்படைக்கப்படுவதே உண்மையான சோதனை. வேணு சீனிவாசன் குடும்பத்தில் 2022-இல் மகள் லட்சுமி வேணு சுந்தரம் கிளேட்டனின் நிர்வாக இயக்குநரானார். ‘அண்ட் சன்ஸ்’ என்ற பெயரிலிருந்து வந்த ஒரு கிளையிலேயே இது நடந்தது என்பதை மகிழ்ச்சியோடு பதிவுசெய்கிறேன். மாறமுடியாது என்று சொல்கிறவர்களுக்கு அதைவிட நல்ல மறுப்பு இல்லை.

‘மகளுக்குக் கொடுத்தால் சொத்து வேறு குடும்பத்துக்குப் போய்விடும், தொழில் உடையும்’ என்பது அடுத்த வாதம். தொழில்களை உடைத்தவர்கள் யார் என்று கணக்கெடுப்போமா? 2002-இல் உயில் எழுதாமல் மறைந்த திருபாய் அம்பானியின் நிறுவனத்தை உடைத்தது மகள்களோ மருமகன்களோ அல்லர், இரண்டு மகன்கள். 2005 ஜூனில் அந்தப் பிரிவினையை அறிவித்தவர் தாய். எந்த நிறுவனப் பொறுப்பிலும் இல்லாத ஒரு பெண் சொன்னால்தான் இந்தியாவின் மிகப்பெரிய தனியார் நிறுவனம் பிரியும் என்ற நிலை வந்தபோது, பெண்ணுக்கு வணிகம் தெரியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. பிறகு 2013-இன் கம்பெனிச் சட்டம் பெண் இயக்குநர் ஒருவராவது கட்டாயம் என்று சொன்னதும், நாடெங்கும் பல நிறுவனங்களின் இயக்குநர் பட்டியலில் மனைவிமார் பெயர்கள் தோன்றின. சட்டத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் வீட்டுப் பெண்ணுக்கு வணிகம் தெரிந்துவிடுகிறது; அவளே வந்து நாற்காலி கேட்டால் தெரியாமல் போய்விடுகிறது.

*

பெரிய வீடுகளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம்; அவர்கள் நம்மைப் படிக்கப் போவதில்லை. எங்கள் வீட்டைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

என் தந்தைக்குத் தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றின் பஜாரில் பாத்திரக் கடை இருந்தது. பலகையில் அப்பா பெயர். அதன் பின்னால் ‘அண்ட் சன்ஸ்’. அந்தப் பலகை எழுதப்பட்டபோது எனக்கு நான்கு வயது. நானும் ஒரு ‘சன்ஸ்’. என்னைவிட ஆறு வயது மூத்த அக்காவுக்குப் பத்து வயது. அவள் பெயருக்கு அதில் இடமில்லை.

அக்கா பிளஸ் டூ முடித்ததும் கடைக்கு வந்தாள். மேற்படிப்புக்கு அனுப்பவில்லை, வீட்டிலிருப்பதற்குக் கடையில் இருக்கட்டும் என்றார்கள். 1993 முதல் ஐந்தாண்டுகள். பாத்திரத்தில் பெயர் வெட்டும் சிறு மின்கருவியை அவள்தான் பிடிப்பாள். ஆனி, ஆவணி, தை முகூர்த்தங்களில் குடத்திலும் தாம்பாளத்திலும் எத்தனை ஆயிரம் பெயர்களை வெட்டியிருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. மாலையில் சிட்டையைப் பேரேட்டில் ஏற்றுவதும் அவள்தான். பித்தளையின் காலம் முடிந்தது, எவர்சில்வரும் நிலைக்காது, சீர்வரிசையில் இனி மிக்ஸியும் குக்கரும்தான் முன்னால் நிற்கும், முகவர் உரிமை எடுத்துவிடலாம் என்று அப்பாவிடம் அவள் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அப்பா சிரித்துக்கொண்டார். வீட்டைவிட்டுப் போகிற பெண் சொல்கிற யோசனையைக் கேட்டுக் கடையை மாற்ற முடியுமா?

1996-இல் அண்ணனுக்குத் திருமணம். அண்ணனின் மாமனார் சமையல் ஒப்பந்தமும் மண்டபமும் நடத்தியவர். அடுத்த ஆண்டு அவர் அண்டாவும் தவலையும் வாளியுமாக ஒரு லாரிச் சரக்கைக் கடனுக்கு எடுத்துச் சென்றார். பணம் வரவில்லை. கேட்கவும் முடியவில்லை, சம்பந்தியிடம் எப்படிக் கேட்பது? ஆண்டு முடிவில் அக்கா அதைப் பேரேட்டில் ‘வராக்கடன்’ என்று எழுதினாள். அப்பா அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். “கைமாத்துன்னு எழுதும்மா” என்றார். “கைமாத்துன்னா திரும்ப வரணும்லப்பா” என்றாள் அக்கா. அப்பா பேனாவை வாங்கி அவரே அடித்து எழுதினார். அதற்கடுத்த ஆண்டு அக்காவுக்குத் திருமணமாயிற்று. அந்தக் கைமாற்று திரும்பவே இல்லை. அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு கைமாற்றுகள் போயின.

எனக்குப் பின்னாளில் விளங்கியது இது. அந்தக் கடையில் ‘இல்லை’ என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அக்காதான். அப்பாவுக்குச் சம்பந்தி மரியாதை. அண்ணனுக்கு மனைவி வீடு. எனக்குத் தமிழ் இலக்கியம். உறவின் கூச்சம் தொடாத கண் அவளுக்கு மட்டுமே இருந்தது. போகப்போகிறவள் என்று எல்லோரும் அவளை வெளியாளாகவே வைத்திருந்ததால் அவளால் கணக்கைக் கணக்காகப் பார்க்க முடிந்தது. குடும்பத் தொழிலுக்கு உறவு நம்பிக்கையைக் கொடுக்கிறது என்று மேலே ஒப்புக்கொண்டேன். கொடுக்கும்போதே அது மறுப்புச் சொல்லும் வாயை அடைத்துவிடுகிறது. அந்த வாய் உள்ள ஒருத்தியை நம் வழக்கம் தேடிப் பிடித்து, மேளம் கொட்டி, முதலில் வெளியே அனுப்புகிறது. இதைப் போய்த் தொழிலைக் காக்கும் முன்யோசனை என்கிறார்கள்.

அப்பா இறந்த மறுவருடம், 2006-இல், சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம். பத்திர எழுத்தர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். தகப்பனாரின் கடை, வீடு ஆகியவற்றில் தனக்குள்ள பாத்தியதையைச் சகோதரர்களுக்கு ‘மனப்பூர்வமாக’ விட்டுக்கொடுப்பதாக அக்கா எழுதித்தரும் பத்திரம். நம் பதிவுத்துறை அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘விடுதலைப் பத்திரம்’. தமிழ் முதுகலை முடித்து எம்.ஃபில். சேர்ந்திருந்த எனக்கு அந்தச் சொல்லின் கொடுமை அன்று உறைக்கவில்லை. யாருக்கு எதிலிருந்து விடுதலை?

1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சம சொத்துரிமை என்று தீர்மானம் போட்ட நாடு இது. 1956-இன் சட்டம் தந்தையின் சுயார்ஜிதத்தில் மகளுக்குப் பங்கு தந்தது. 1989-இல் தமிழ்நாடு, மைய அரசுக்குப் பதினாறு ஆண்டுகள் முன்னதாகவே, பூர்வீகச் சொத்திலும் தந்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. சட்டம் ஒவ்வொரு படி ஏறும்போதும் குடும்பம் என்ன செய்தது? பத்திரத்தில் ஒரு வரியைக் கூட்டிக்கொண்டது. பங்கு இல்லாத காலத்தில் மகளிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. பங்கு வந்தபின் கையெழுத்துக் கேட்கிறார்கள். உரிமை வந்ததற்கு எங்கள் அக்கா கண்ட ஒரே அடையாளம், இடது பெருவிரலில் ஒட்டிய மை.

அவளுக்கு இரண்டு லட்ச ரூபாயும் ஒரு பட்டுப்புடவையும் கொடுத்தோம். பிறகு என் பங்கை அண்ணனுக்கு விற்றேன். நான் இப்போது குடியிருக்கும் வீடு அந்தப் பணத்தில் எழும்பியது. கடை 2014-இல் மூடப்பட்டது. பஜாரில் எங்களுக்கு எதிர்வரிசையில் குக்கருக்கும் மிக்ஸிக்கும் முகவர் உரிமை எடுத்தவர் இன்று மூன்று மாடி வைத்திருக்கிறார்.

*

‘பெண்கள் யாரும் கேட்பதில்லையே’ என்ற கடைசி வாதத்துக்கும் வருகிறேன். ஏன் கேட்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்டால் பிறந்த வீடு போய்விடும். ஆடிக்கு அழைப்பு வராது. பிள்ளைக்குத் தாய்மாமன் மடி கிடைக்காது. மகன் பங்கு கேட்டால் அது உரிமை. அண்ணன் தம்பி நீதிமன்றத்தில் மோதினாலும் பங்காளி உறவு பங்காளி உறவாகவே இருக்கும். மகள் கேட்டால் மட்டும் பாசத்தை விலை பேசுகிறாள் என்பார்கள். பாசத்துக்கு விலை வைத்தது யார்? பத்திரத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருந்த நாம்.

என் கோரிக்கை பெரியதன்று. மகளை இயக்குநராக்கு என்று கட்டளையிட எனக்குத் தகுதியில்லை. மகனிடம் கேட்காத கேள்வியை மகளிடம் கேட்காதீர்கள். மகளிடம் கேட்கிற கேள்வியை மகனிடமும் கேளுங்கள். வெளியே போகிறவள் என்ற காரணத்துக்காக அவள் சொல்லும் கணக்கை அடித்து எழுதாதீர்கள். கூட்டுக் குடும்பத்தின் ஒற்றுமை என்று மேடையில் பேசுவதற்கு முன், அந்த ஒற்றுமை எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்கியதால் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சேர்க்காமல் சொல்லும் ஒற்றுமை வெறும் ஆள்குறைப்பு.

கருத்தரங்கம் முடிந்த அன்று மாலை அக்காவுக்குத் தொலைபேசினேன். நடந்ததைச் சொன்னேன். கேள்வி கேட்ட மாணவியைப் பற்றித்தான் அவள் திரும்பத் திரும்ப விசாரித்தாள். பிறகு நான், இருபது ஆண்டுகளாகக் கேட்காததைக் கேட்டேன்: “அக்கா, அன்னைக்குக் கையெழுத்துப் போடும்போது என்ன நினைச்ச?”

சற்று நேரம் பதில் இல்லை. “அதுல எம் பேரைத் தப்பா எழுதியிருந்தாங்க, தம்பி. ஒரு எழுத்து விட்டுப்போச்சு. சொல்லலாமான்னு நினைச்சேன். நீங்க ரெண்டு பேரும் அவசரத்துல இருந்தீங்க” என்றாள்.

ஊரார் பெயரையெல்லாம் பிழையில்லாமல் பாத்திரத்தில் வெட்டியவள். பக்கத்தில் நின்ற நான் பிழைதிருத்தத் தெரிந்தவன்.